லிக்னின் செல்சுவரில் எப்படிப் படிகிறது: ஆமணக்குத் தண்டை வெட்டிப் பார்த்துப் புரிந்துகொள்ள ஒரு முழு வழிகாட்டி

செல்சுவரை இறுக்கி மரத்தன்மை தரும் பொருள் லிக்னின். தாவரவியல் செய்முறை வகுப்புக்கு வரும் பிள்ளைகள் பலர் அதை நொதிப் பெயர்களின் பட்டியலாகவே படித்துவிட்டு வருகிறார்கள். பெயர்களை வரிசை தவறாமல் ஒப்பிப்பார்கள். "சரி, இந்தத் தண்டில் லிக்னின் எந்தச் செல்லில் முதலில் வந்தது? அந்தச் செல்லின் சுவரில் எந்த இடத்தில் தொடங்கியது?" என்று கேட்டால் பதில் வராது.

படிக்கும் வரிசைதான் இதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். முதலில் சுவரைக் கண்ணால் பார்த்துவிட்டு, அப்புறம் வேதியியலுக்குப் போனால் ஒவ்வொரு நொதியும் எதற்கு என்பது தானாக விளங்கும். அந்த வரிசையில்தான் இதை எழுதுகிறேன். கோவை, ஈரோடு, திருப்பூர், கரூர் வட்டாரத்தில் எளிதாகக் கிடைக்கும் செடிகளும், கல்லூரி ஆய்வகத்தில் சாதாரணமாக இருக்கும் பொருட்களும் இதற்குப் போதும்.

1. வெட்டுவதற்கு முன் மனத்தில் பதிய வேண்டிய வரிசை

மரத்தன்மை அடையும் ஒரு செல்லில் வேலைகள் இந்த ஒழுங்கில் நடக்கின்றன. முதலில் செல் நீண்டு விரிந்து தன் அளவை எட்டுகிறது. பிறகு மெல்லிய முதல்நிலைச் சுவருக்கு உட்புறமாக இரண்டாம் நிலைச் சுவர் படியத் தொடங்குகிறது. அதில் செல்லுலோஸ் இழைகளும் ஹெமிசெல்லுலோஸும்தான் முதலில் வருகின்றன. லிக்னின் அந்த இழைகளின் இடுக்குகளைப் பின்னால் வந்து நிரப்புகிறது. நீர் கடத்தும் செல்லாகவோ நார்ச் செல்லாகவோ இருந்தால் கடைசியில் அது இறந்துவிடும்.

லிக்னின் பின்னால் வருவதற்குக் காரணம் உண்டு. லிக்னின் நிரம்பிய சுவர் இறுகிவிடும், அதன்பின் செல் நீள முடியாது. தட்டி கட்டி முடித்த பிறகே அதன்மேல் மண் அப்புவது போல, இழை வேலை முடிந்த இடத்தில்தான் லிக்னின் படிய முடியும். கீழே வரும் எல்லாப் படிகளும் இந்த ஒழுங்கை நேரில் காண்பதற்காகத்தான்.

2. தேவையானவை

செடி: ஆமணக்கு. நம் பக்கம் கொட்டமுத்துச் செடி என்றால் யாரும் காட்டுவார்கள். மஞ்சள் காட்டிலும் கடலைக் காட்டிலும் ஓரமாகப் போட்டிருப்பார்கள். தண்டு மென்மையானது, பிளேடுக்கு எளிதாக வசப்படும், கணுவிடைகளும் நீளம். வேம்பும் மலைவேம்பும் மரம்தான் என்றாலும் கை பழகாதவருக்கு அவற்றின் அடித்தண்டு கடினம். ஆமணக்கில் கை பழகியபின் அவற்றுக்குப் போகலாம். ஆமணக்கு விதை கொடிய நச்சு, எனவே காய்க்குலையைத் தொடாமல் தண்டை மட்டும் எடுங்கள். வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

சாயம்: ஃபுளோரோகுளுசினால் 0.5 கிராம், 95 சதவீத எத்தனால் 25 மி.லி. இரண்டையும் கலந்தால் 2 சதவீதக் கரைசல். பழுப்பு நிறப் புட்டியில், வெளிச்சம் படாத இடத்தில் வையுங்கள். நாள்பட்டால் கரைசல் நிறம் மாறி வீரியம் குறையும். அதனால் தேவைக்கு மட்டும் தயாரிப்பது நல்லது.

அமிலம்: ஆய்வகத் தரத்தில் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம், சிறிய சொட்டுப் புட்டியில். கழிவறை கழுவ விற்கும் ஆசிட் இதற்கு ஆகாது. அதன் செறிவு எவ்வளவு என்று தெரியாது, பல நேரம் மஞ்சளாகவும் இருக்கும். அந்த மஞ்சள் நம் நிறத்தைக் குழப்பிவிடும். இந்த வேலையை வீட்டில் செய்ய வேண்டாம். ஆய்வகத்தில், காற்றோட்டமான இடத்தில், கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு செய்யுங்கள். எத்தனால் தீப்பிடிக்கும் என்பதால் பக்கத்தில் அடுப்பு எரியக்கூடாது.

மற்றவை: புது பிளேடு, மெல்லிய தூரிகை, கண்ணாடித் தகடு, மூடுவில்லை, வடிதாள், தண்ணீர் ஊற்றிய சிறு கிண்ணங்கள், 10 மடங்கும் 40 மடங்கும் பெரிதாக்கும் வில்லைகள் உள்ள நுண்ணோக்கி.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு: செய்தித்தாள் துண்டு, வெள்ளை வடிதாள் துண்டு, சாயமேற்றாத பருத்தி நூல், கோணிச் சாக்கிலிருந்து உருவிய சணல் இழை, கொஞ்சம் இலவம் பஞ்சு. கிடைத்தால் பச்சைத் தேங்காய் மட்டையின் நார். முற்றிய மட்டையின் பழுப்பு நாரில் நிறம் கண்ணுக்குத் தெரியாது, அதனால்தான் பச்சை மட்டை.

3. தண்டுக்கு முன்னால் சாயத்தைச் சோதியுங்கள்

அவசரத்தில் பலரும் தாண்டிப் போகும் படி இது. சாயம் கெட்டிருந்தால் தண்டில் நிறமே வராது. "இந்தத் தண்டில் லிக்னின் இல்லை" என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டுப் போய்விடுவார்கள்.

செய்தித்தாள் துண்டில் ஒரு சொட்டு ஃபுளோரோகுளுசினால் விட்டு, அது ஊறியதும் ஒரு சொட்டு அமிலம் விடுங்கள். செய்தித்தாளில் பெரும்பாலும் மரத்தை அப்படியே அரைத்த கூழ் கலந்திருக்கும். அதில் லிக்னின் நீக்கப்படாததால் சிறிது நேரத்தில் கருஞ்சிவப்பு ஏறும். வடிதாள் கிட்டத்தட்டச் சுத்தமான செல்லுலோஸ் என்பதால் வெள்ளையாகவே இருக்கும். இரண்டும் எதிர்பார்த்தபடி வந்தால்தான் மேலே போகலாம்.

அடுத்து இழைகளைப் பாருங்கள். பருத்தி நூல் நிறம் மாறாது. கோணி இழை சிவக்கும். தேங்காய் நார் நன்றாகச் சிவக்கும், அதன் எடையில் ஏறக்குறைய 40 சதவீதம் லிக்னின்தான். இலவம் பஞ்சுதான் பிள்ளைகளை வியக்க வைக்கும். பார்வைக்குப் பருத்தி போலவே இருக்கும், சாயம் பட்டதும் இளஞ்சிவப்பாக மாறிவிடும். திருப்பூரில் நூலாகும் பஞ்சில் லிக்னின் இல்லை, தலையணைக்குள் அடைக்கும் இலவம் பஞ்சில் இருக்கிறது. பருத்தி இழையின் சுவர் தடிமனானது என்பதையும் இங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். சுவர் தடித்திருப்பதும் லிக்னின் படிந்திருப்பதும் தனித்தனிச் செய்திகள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

இந்தச் சாயம் லிக்னினில் எதைப் பிடிக்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். லிக்னின் மூலக்கூறின் ஓரங்களில் ஆல்டிஹைடு முனைகள் சில இருக்கும். அமிலத்தின் முன்னிலையில் ஃபுளோரோகுளுசினால் அந்த முனைகளோடு சேர்ந்துதான் சிவப்பு தருகிறது. எனவே நிறம் லிக்னின் இருக்கும் இடத்தைக் காட்டும், எவ்வளவு இருக்கிறது என்று அளந்து சொல்லாது.

4. கிளையைத் தேர்ந்து கணுவிடைகளை எண்ணுங்கள்

நேராக மேல்நோக்கி வளரும், துளிர் விட்டுக்கொண்டிருக்கும் கிளையாகப் பாருங்கள். மழைக்குப் பின், ஐப்பசி, கார்த்திகையில் எடுத்தால் நல்லது. கோடையில் வளர்ச்சி நின்ற கிளையில் நுனிவரை முற்றியிருக்கும். இளம் நிலைகளைப் பார்க்க முடியாமல் போகும்.

சாய்ந்த கிளையை எடுக்காதீர்கள். பல்லடம், உடுமலைப் பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் ஒரே பக்கமாகச் சாய்ந்து வளர்ந்த செடிகளும் மரங்களும் நிறைய உண்டு. சாய்ந்த தண்டில் மேல்புறமும் கீழ்புறமும் ஒரேபோல மரத்தன்மை அடைவதில்லை. அது தனிப் பாடம், கடைசியில் வருகிறேன்.

கொழுந்திலிருந்து கீழ்நோக்கிக் கணுவிடைகளை 1, 2, 3 என்று எண்ணி நூல் கட்டிக் குறியுங்கள். 2, 4, 6, 8 ஆகியவற்றையும் தண்டின் அடிப்பகுதியையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே கிளையில் மேலிருந்து கீழே போவது காலத்தில் முன்னோக்கிப் போவதற்குச் சமம். நுனியில் இன்று நடப்பது அடியில் முன்பே நடந்து முடிந்தது. நாள் கணக்கில் காத்திருக்காமல் ஒரே மேசையில் எல்லா நிலைகளையும் பார்க்க முடிவது இதனால்தான்.

கணுவிடையின் நடுவில் வெட்டுங்கள். கணுவில் வெட்டினால் இலைக்குப் பிரியும் சாற்றுக்குழாய்க் கற்றைகள் குறுக்கே வந்து படத்தைக் கலைத்துவிடும். வெட்டிய துண்டுகளை உடனே தண்ணீரில் போடுங்கள். அன்றே பார்க்க முடியாவிட்டால் 70 சதவீத எத்தனாலில் வைக்கலாம்.

5. மெல்லிய குறுக்குவெட்டு

துண்டையும் பிளேடையும் ஈரமாக வைத்துக்கொண்டு, தண்டுக்குச் செங்குத்தாக, பிளேடை உங்கள் பக்கமாக இழுத்து வெட்டுங்கள். அழுத்திக் கீறினால் செல்கள் நசுங்கும். 2ஆம் கணுவிடை மிகவும் குழைவாக இருக்கும், அதைக் கேரட் துண்டைப் பிளந்து நடுவில் செருகிக்கொண்டு வெட்டலாம். அடித்தண்டின் நடுவில் பொள்ளல் இருக்கும். அதை நான்காகப் பிளந்து கால்வட்டமாக வெட்டினால் போதும்.

முழு வட்டம் வர வேண்டும் என்ற பிடிவாதத்தில் தடிமனாக வெட்டுவதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் பிழை. பார்க்கப் போவது சுவரின் அடுக்குகளை. தடித்த வெட்டில் நாலைந்து செல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நின்று எல்லாம் ஒரே சிவப்புத் திட்டாகத் தெரியும். ஆப்பு வடிவத்தில் ஒரு ஓரம் மெலிந்து வந்தாலும் பரவாயில்லை, அந்த மெலிந்த ஓரத்தில்தான் நமக்கு வேலை. நிறைய வெட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டு, கண்ணாடி போலத் தெரிவதை மட்டும் தூரிகையால் எடுங்கள்.

4ஆம் கணுவிடையில் நீளவாக்கிலும் சில வெட்டுகள் எடுத்து வையுங்கள். அடுத்துத் தேவைப்படும்.

6. சாயமேற்றும் வரிசை

வெட்டைத் தகட்டில் வைத்துச் சுற்றியுள்ள தண்ணீரை வடிதாளால் ஒற்றி எடுங்கள். ஃபுளோரோகுளுசினால் ஒரு சொட்டு விட்டு இரண்டு மூன்று நிமிடம் ஊற விடுங்கள். மிச்சத்தை ஒற்றிவிட்டு அமிலம் ஒரு சொட்டு, உடனே மூடுவில்லை.

தண்ணீரை ஒற்றச் சொல்வது ஏனென்றால், அமிலம் நீர்த்துப்போனால் நிறம் வெளிறிவிடும். சாயத்தை முதலில் விடுவதால் அது சுவருக்குள் ஊறியபின் அமிலம் வந்து சேர்கிறது, நிறம் சீராக ஏறுகிறது.

சாயமேற்றும் முன்பே, தண்ணீரில் வைத்த ஒரு வெட்டைக் கொண்டு நுண்ணோக்கியைச் சரிசெய்து வைத்துவிடுங்கள். இந்தச் சிவப்பு நிலைத்து நிற்காது, அரைமணி நேரத்துக்குள் மங்கத் தொடங்கும். படம் வரைவது, புகைப்படம் எடுப்பது எல்லாம் உடனே நடக்க வேண்டும். மூடுவில்லைக்கு வெளியே அமிலம் வழிந்திருந்தால் துடைத்த பிறகே மேடையில் வையுங்கள். அமில ஆவி வில்லையின் உலோகத்தை அரித்துவிடும். பார்த்து முடித்ததும் தகட்டை அங்கேயே விட்டுவைக்காதீர்கள்.

7. நுனியிலிருந்து அடிவரை பாருங்கள்

இந்த வழிகாட்டியின் உயிர் இந்தப் படியில்தான் இருக்கிறது. இதற்கு நேரம் ஒதுக்குங்கள்.

2ஆம் கணுவிடையில் பெரும்பகுதி நிறமற்றே இருக்கும். சாற்றுக்குழாய்க் கற்றையின் உள்ளோரத்தில், மையப் பக்கமாக, சின்னச் சின்னச் சிவப்பு வளையங்கள் தெரியும். அவைதான் புரோட்டோசைலம், அதாவது நீர் கடத்தும் சைலத்தில் முதலில் உருவாகும் பகுதி, தண்டில் முதன்முதலாக லிக்னின் ஏறும் செல்கள். நுனி இன்னும் நீண்டுகொண்டிருக்கும்போதே இவற்றுக்கு ஏன் இந்த அவசரம்? கொழுந்துக்கு நீர் போக வேண்டும். நீரை மேலிழுக்கும்போது குழாய்க்குள் அழுத்தம் குறையும், சுவர் உறுதியாக இல்லாவிட்டால் குழாய் உட்குழிந்து நசுங்கிவிடும்.

4ஆம் கணுவிடையின் நீளவெட்டைச் சாயமேற்றிப் பாருங்கள். புரோட்டோசைலத்தில் லிக்னின் சுவர் முழுக்கப் படியாமல் வளையம் வளையமாகவும் சுருள் கம்பி போலவும் படிந்திருக்கும். சுருள்களுக்கு இடையில் சுவர் நிறமற்று இருக்கும். தண்டு நீளும்போது அந்த இடைவெளிதான் இழுபட்டு இடம் கொடுக்கிறது. சில சுருள்கள் வெகுவாக இழுபட்டு இடைவெளி அகன்று நிற்பதை ஒரே வெட்டில் காணலாம். உறுதியும் வேண்டும், நீளவும் வேண்டும் என்ற இரண்டு தேவைக்கும் செல் கண்ட வழி இது. முதன்முறை இதைப் பார்க்கும் யாரையும் நான் அவசரப்படுத்துவதில்லை.

குறுக்குவெட்டில் அதே கணுவிடையைப் பார்த்தால் புரோட்டோசைலத்துக்கு வெளிப்புறம் அகலமான மெட்டாசைலக் குழாய்கள் சிவந்திருக்கும். இந்தப் பகுதி நீள்வதை நிறுத்திய பிறகு வந்தவை என்பதால் குழிகள் தவிர்த்துச் சுவர் முழுக்க லிக்னின் படியும். அவற்றைச் சுற்றியுள்ள நார்ச் செல்கள் பல இன்னும் நிறமற்றே இருக்கும். குழாய் முதலில், நார் பிறகு. இந்த வரிசையைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

6ஆம் கணுவிடையில், புதுச் செல்களைப் பிரித்துத் தரும் அடுக்கான கேம்பியம் கற்றைகளை இணைத்து வளையமாகியிருக்கும், உட்புறமாக இரண்டாம் நிலைச் சைலம் சேர்ந்துகொண்டிருக்கும். 40 மடங்கு வில்லைக்கு மாறி, கேம்பியத்திலிருந்து மையம் நோக்கிச் செல் செல்லாக நகருங்கள். கேம்பியத்தை ஒட்டிய செல்களில் நிறமே இல்லை. அடுத்த சில வரிசைகளில் மூன்று செல்கள் சந்திக்கும் மூலைகளில் மட்டும் சிவப்புப் புள்ளிகள். இன்னும் உள்ளே போனால் அந்தப் புள்ளிகளை இணைத்து மெல்லிய சிவப்புக் கோடுகள். அதற்கும் உள்ளே சுவர் முழுக்கச் சிவப்பு. வெட்டு மெல்லியதாக அமைந்தால்தான் இது தெரியும். தெரியாவிட்டால் மறுபடி வெட்டுங்கள், இதைப் பார்க்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

8ஆம் கணுவிடையிலும் அடியிலும் சைலம் முழுக்கச் சிவப்பு வளையம். கேம்பியம், சர்க்கரை கடத்தும் ஃபுளோயம், மெல்லிய சுவர் கொண்ட புறணிப் பாரங்கைமா ஆகியவற்றில் நிறம் இருக்காது. மேல்தோலுக்கு அடியில் மூலைகள் தடித்த கோலங்கைமா செல்களையும் தேடிப் பாருங்கள். சுவர் நன்றாகத் தடித்திருக்கும், நிறம் ஏறாது. அங்கே தடிப்புக்குக் காரணம் பெக்டினும் செல்லுலோஸும். பருத்தி நூலில் பார்த்த அதே செய்தி இங்கே தண்டுக்குள்ளேயே கிடைக்கிறது.

8. மூலையில் தொடங்குவது ஏன்

பக்கத்துப் பக்கத்துச் செல்களை ஒட்டி வைத்திருப்பது பெக்டின் நிறைந்த இடையடுக்கு. அதற்கு இருபுறமும் முதல்நிலைச் சுவர்கள். அதற்கு உட்புறம் இரண்டாம் நிலைச் சுவர், மரநார்களில் இதை எஸ்1, எஸ்2, எஸ்3 என்று மூன்று அடுக்காகப் பிரிப்பார்கள். எஸ்2 மிகத் தடித்தது.

அடுக்குகள் வெளியிலிருந்து உள்நோக்கிப் போடப்படுகின்றன. எஸ்1 படியத் தொடங்கும் சமயத்தில் வெளிப்பகுதிகளில், அதாவது செல் மூலைகளிலும் இடையடுக்கிலும், இழை வேலை முடிந்திருக்கும். லிக்னின் அங்கே தொடங்கி, அடுக்குகள் முடிய முடியப் பின்னாலேயே உள்நோக்கி வருகிறது. உள்ளே எஸ்3 போட்டுக்கொண்டிருக்கும்போது வெளியே லிக்னின் ஏறிக்கொண்டிருக்கும். இரண்டு வேலையும் ஒரே சுவரில், ஒரு இடைவெளி விட்டு நடக்கின்றன.

லிக்னின் நீரை விலக்கும் பொருள். இளம் சுவரின் இழைகளுக்கு நடுவே நிறைந்திருந்த நீரை அது வெளியேற்றி அந்த இடத்தைப் பிடிக்கிறது. அதனால்தான் சுவர் இறுகுவதோடு, குழாயிலிருந்து நீர் பக்கவாட்டில் கசிவதும் குறைகிறது.

செறிவு மிக அதிகமாக இருப்பது மூலைகளிலும் இடையடுக்கிலும்தான். ஆனால் மரத்தின் மொத்த லிக்னினில் பெரும்பங்கு எஸ்2 அடுக்கில் இருக்கிறது, அது அவ்வளவு தடிமன். தேர்வுகளில் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

9. இப்போது வேதியியல்: இடம் பார்த்துப் படியுங்கள்

நொதிப் பெயர்களை ஒரே மூச்சில் மனப்பாடம் செய்யாமல், எது எந்த இடத்தில் நடக்கிறது என்று பிரித்துக்கொண்டால் மறக்காது.

கணிகத்தில்: ஷிகிமேட் வழியில் பீனைல்அலனின் என்ற அமினோ அமிலம் உருவாகிறது. புரதத்துக்கும் இதுதான் மூலப்பொருள், லிக்னினுக்கும் இதுதான்.

சைட்டோபிளாசத்தில்: பீனைல்அலனின் அம்மோனியா லையேஸ் நொதி அம்மோனியாவை நீக்கி அதைச் சின்னமிக் அமிலமாக்குகிறது. இதுதான் வழியின் வாயில். அடுத்து வளையத்தில் ஒரு ஹைட்ராக்சில் சேர்ந்து பாரா-குமாரிக் அமிலம் ஆகிறது. அதோடு கோஎன்சைம்-ஏ இணைந்த பிறகு மேலும் ஹைட்ராக்சில்களும் மீத்தைல்களும் படிப்படியாகச் சேர்கின்றன. ஹைட்ராக்சில் சேர்க்கும் நொதிகள் மூன்றும் எண்டோபிளாச வலையின் சவ்வில் அமர்ந்திருப்பவை. கடைசியில் இரண்டு ஒடுக்க வினைகள்: முதலாவது ஆல்டிஹைடு தரும், இரண்டாவது அதை ஆல்கஹாலாக மாற்றும்.

இப்படிக் கிடைக்கும் மூன்று ஆல்கஹால்கள்தான் லிக்னினின் அலகுகள். பாரா-குமாரைல் ஆல்கஹாலின் வளையத்தில் மீத்தாக்சி தொகுதி இல்லை, அது எச் அலகு தரும். கோனிஃபெரைல் ஆல்கஹாலில் ஒன்று, அது ஜி அலகு. சினாபைல் ஆல்கஹாலில் இரண்டு, அது எஸ் அலகு. மீத்தாக்சியை எண்ணினாலே எது எதென்று சொல்லிவிடலாம். இந்த எஸ் அலகையும், மேலே சொன்ன எஸ்1, எஸ்2 சுவர் அடுக்குகளையும் ஒன்றாக நினைத்துவிடாதீர்கள், இரண்டுக்கும் தொடர்பில்லை.

நம் சாயம் பிடித்த ஆல்டிஹைடு முனை எங்கிருந்து வந்தது என்பதும் இப்போது தெரிந்திருக்கும். கடைசி ஒடுக்க வினைக்குப் போகாமல் தப்பிய அலகுகள் சில, ஆல்டிஹைடாகவே லிக்னினில் சேர்ந்துவிடுகின்றன.

சுவரில்: அலகுகள் செல்சவ்வைக் கடந்து வெளியே வருகின்றன. அங்கே லாக்கேஸ், பெராக்சிடேஸ் என்ற இரண்டு வகை நொதிகள் அவற்றிலிருந்து எலக்ட்ரானைப் பறித்துத் தனி உறுப்புகளாக, அதாவது இணையற்ற எலக்ட்ரானோடு எளிதில் வினைபுரியும் மூலக்கூறுகளாக, மாற்றுகின்றன. லாக்கேஸ் தாமிரம் கொண்ட நொதி, ஆக்சிஜனைப் பயன்படுத்தும். பெராக்சிடேஸுக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு வேண்டும். இருவகையும் ஒன்றுக்கொன்று முழு மாற்று என்று எண்ணிவிட வேண்டாம். ஆய்வகங்களில் மாதிரியாக வளர்க்கும் அரபிடாப்சிஸ் என்ற சிறு செடியில் குறிப்பிட்ட மூன்று லாக்கேஸ் மரபணுக்களைச் சேர்த்து முடக்கியபோது, பெராக்சிடேஸ் இருந்தும் லிக்னின் படிவது ஏறக்குறைய நின்று, செடியின் வளர்ச்சியும் முடங்கியது.

தனி உறுப்பாக மாறிய அலகு, ஏற்கெனவே வளர்ந்துகொண்டிருக்கும் லிக்னின் முனையோடு தானாகவே இணைகிறது. நொதியின் வேலை எலக்ட்ரானைப் பறிப்பதோடு முடிந்தது. எந்த அலகுக்கு அடுத்து எந்த அலகு என்று கட்டளையிடும் அச்சு எதுவும் கிடையாது. புரதத்தைப் படித்த பழக்கத்தில் லிக்னினுக்கும் ஒரு நிலையான வரிசை இருக்கும் என்று தேடுவது வீண். எந்த நேரத்தில் எந்த அலகு எவ்வளவு வருகிறது என்பதைப் பொறுத்தே அமைப்பு மாறும். பிணைப்புகளில் அதிகம் காணப்படுவது பீட்டா-ஓ-4 என்ற ஈதர் பிணைப்பு.

10. செல் இறந்த பிறகும் வேலை நடக்கிறது

சைலக்குழாய்ச் செல் தன் உள்ளடக்கத்தைத் தானே செரித்துவிட்டு இறக்கிறது, அப்போதுதான் நீர் போக வழி திறக்கும். ஆனால் அதன் சுவரில் லிக்னின் ஏறி முடிந்திருக்காது. பக்கத்தில் உயிரோடிருக்கும் பாரங்கைமா செல்கள் அலகுகளைத் தயாரித்து அந்தச் சுவருக்கு அனுப்புகின்றன. கோர்க்கும் நொதிகள் சுவரிலேயே இருப்பதால் இணைப்பு தொடர்கிறது.

"செத்த செல் எப்படி லிக்னின் செய்யும்?" என்று தடுமாறுகிறவர்கள் 9ஆம் படியில் இடங்களைப் பிரித்தது ஏன் என்பதை இங்கே உணர்வார்கள். தயாரிப்பு ஒரு செல்லிலும் கோர்ப்பு இன்னொரு செல்லின் சுவரிலும் நடக்க முடியும்.

11. ஜி, எஸ் அலகுகளைப் பிரித்துப் பார்க்க

இதற்கு மாய்லே சோதனை. புதிய வெட்டை 1 சதவீதப் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டில் 5 நிமிடம் வையுங்கள். தண்ணீரில் பலமுறை அலசுங்கள். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில், 3 சதவீதம் போதும், பழுப்பு நிறம் போகும்வரை வையுங்கள். மறுபடி அலசிவிட்டு ஒரு சொட்டு அம்மோனியாக் கரைசல் விடுங்கள். எஸ் அலகு இருந்தால் சிவப்பு, ஜி மட்டும் இருந்தால் மஞ்சள் கலந்த பழுப்பு.

அலசாமல் அமிலத்துக்குப் போகாதீர்கள், அடர் அமிலத்தையும் எடுக்காதீர்கள். பெர்மாங்கனேட்டும் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும்.

வேம்புக் குச்சியில் நார்ப்பகுதி சிவக்கும். ஊட்டிப் பக்கமிருந்து பைன் குச்சி கிடைத்தால் சேர்த்துப் பாருங்கள், ஊசியிலை மரங்களின் லிக்னின் பெரும்பாலும் ஜி என்பதால் பழுப்போடு நின்றுவிடும். சவுக்கில் ஏமாந்துவிட வேண்டாம். ஊசியிலை மரம் போலத் தெரிந்தாலும் அது பூக்கும் தாவரம், சிவப்புதான் தரும்.

இந்த வேறுபாடு வெறும் தேர்வுக் கேள்வி இல்லை. ஜி அலகின் வளையத்தில் ஒரு பக்கம் காலியாக இருப்பதால் அங்கே எளிதில் உடையாத கார்பன்-கார்பன் பிணைப்பு உருவாக முடியும். எஸ் அலகில் இரண்டு பக்கமும் மீத்தாக்சி அடைத்துக்கொண்டிருப்பதால் ஈதர் பிணைப்பே அதிகம், காரத்தில் வேக வைத்தால் அது உடையும். கரூர் அருகே காகிதபுரம் ஆலை போன்ற இடங்களில் கரும்புச் சக்கையையும் மரத்தையும் வேக வைத்து லிக்னினைப் பிரித்தெடுத்துத்தான் கூழாக்குகிறார்கள். காகிதத்துக்கு மரம் தேர்ந்தெடுக்கும்போது எஸ்-ஜி விகிதத்தைப் பார்ப்பது இதற்காகத்தான்.

12. குறிப்பேட்டில் திரும்பத் திரும்ப வரும் பிழைகள்

சஃப்ரனின் என்ற பொதுச் சாயத்தில் சிவந்ததை லிக்னினுக்குச் சான்றாக எழுதுவது. சஃப்ரனின் மேல்தோலில் உள்ள கியூட்டினையும் தக்கையில் உள்ள சூபரினையும் உட்கருவையும்கூடச் சிவப்பாக்கும். நிலையான தகடு தயாரிக்க அது நல்லது, அடையாளம் காண ஃபுளோரோகுளுசினால்தான்.

சிவப்பு எவ்வளவு அடர்த்தி என்று பார்த்து "இதில் லிக்னின் இரண்டு மடங்கு" என்று எழுதுவது. அளவு வேண்டுமென்றால் காய்ந்த தூளை 72 சதவீதக் கந்தக அமிலத்தில் வைத்து, பிறகு நீர்த்துக் கொதிக்கவைத்து, மாச்சத்தெல்லாம் கரைந்தபின் கரையாமல் நிற்பதை எடை போட வேண்டும். மரங்களில் பொதுவாகக் காய்ந்த எடையில் 20 முதல் 30 சதவீதம் வரும்.

கேம்பியம் இருந்தால்தான் லிக்னின் வரும் என்று நினைப்பது. தென்னைக்குக் கேம்பியம் கிடையாது. ஆனாலும் தென்னந்தண்டின் வெளிப்புறம் கோடாரியைத் தடுக்கும் அளவுக்கு இறுகியிருக்கும். அங்கே கற்றைகளைச் சுற்றியுள்ள நார்ச் செல்களில் லிக்னின் படிந்திருக்கிறது. மூலனூர்ப் பக்கத்து முருங்கைக்காய் முற்றி நாராவதும் இதே வேலைதான், அதையும் இளங்காயோடு வைத்து வெட்டிப் பாருங்கள்.

13. எல்லாம் கைவந்த பின்: சாய்ந்த கிளை

4ஆம் படியில் ஒதுக்கி வைத்ததை இப்போது எடுக்கலாம். தைல மரத்தின் சாய்ந்த இளங்கிளை ஒன்றை எடுத்து, வெட்டும் முன்பே வானம் பார்த்த பக்கத்தைக் கீறிக் குறியுங்கள். குறிக்காமல் வெட்டினால் மேல் எது, கீழ் எது என்று பின்னால் சொல்ல முடியாது.

பூக்கும் மரங்கள் பலவற்றில் சாய்வின் மேல்புறத்து மரம் அதிகமாக வளரும், அதன் நார்களில் உட்புறமாக லிக்னின் அநேகமாக இல்லாத, செல்லுலோஸ் மிகுந்த தனி அடுக்கு ஒன்று படியும். ஃபுளோரோகுளுசினாலில் ஒவ்வொரு நாரும் வெளியே சிவப்புக் கோடும் உள்ளே நிறமற்ற தடித்த வளையமுமாகத் தெரியும். இந்த நார்கள் சுருங்கி இழுப்பதால்தான் கிளை மெல்ல நிமிர்கிறது. ஊசியிலை மரங்களில் நேர்மாறு: கீழ்புறத்தில் லிக்னின் கூடிய மரம் உருவாகிக் கிளையை மேலே தள்ளும்.

மேல்புற வெட்டும் கீழ்புற வெட்டும் ஒரே தகட்டில், பக்கத்துப் பக்கத்தில், ஒரே சொட்டுச் சாயத்தில் இருக்கட்டும். தனித்தனித் தகட்டில் வைத்தால் சாயம் ஏறியதில் உள்ள வேறுபாட்டையும் லிக்னினில் உள்ள வேறுபாட்டையும் பிரிக்க முடியாமல் போகும்.